தொழுகைக்குக் கழற்றிய கண்

டொக்டர் மூன்று முறை முயன்று பார்த்தார். மூன்று முறையும் அது உள்ளே போகவில்லை.

கொழும்பில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கண் கிளினிக். என் மகள் நிஹாரா உயரமான கதிரையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள். அவளுக்கு ஏழு வயது. டொக்டரின் விரல் நுனியில் புளியங்கொட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. கண்ணாடி மாதிரித் தெளிவானது, பிடித்துக்கொள்ள நடுவில் சின்னதாக ஒரு காம்பு. ஆறு மாதத்துக்கு முன் இதே அறையில் இதே துண்டு வழுக்கிக்கொண்டு அவளுடைய வலது கண்குழிக்குள் போய் உட்கார்ந்தது. இப்போது பாதி வழியில் நிற்கிறது. மகள் முனகவில்லை. கதிரையின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன.

டொக்டர் அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதர். எங்கள் கதையெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் இது வெளியே இருக்கிறது என்று கேட்டார்.

வெளியே வைப்பதே இல்லை, தொழுகைக்கு மட்டும்தான் கழற்றுவோம் என்றேன்.

"எத்தனை தொழுகை?"

"ஐந்து."

அவர் பேனையை மேசையில் வைத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. விளங்கியதும் கோபம்தான் வந்தது. பிழை என்னுடையது என்று தெரிந்த உடனே அடுத்தவர் மேல் கோபம் வருவது என் பிறவிக் குணம். இந்த மனிதர் இதை முதலே சொல்லியிருக்கக் கூடாதா என்று மனதுக்குள் திட்டினேன். அவர் சொல்லித்தான் இருந்தார். கிழமைக்கு ஒருமுறை கழுவ மட்டும் எடுங்கள் என்று, போன தடவை, அதற்கு முந்தின தடவை, எல்லாத் தடவையும்.

மகளிடம் கேட்டது

இந்தப் பத்திரிகைத் தொடரில் நிஹாரா அங்கங்கே வந்துபோயிருக்கிறாள். அவளுடைய கண்ணைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. போன கிழமை கல்முனைச் சந்தையைப் பற்றி எழுதியதும் ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார்: உங்கள் மகள் எங்கே போனாலும் ஏன் சுவரோரமாகவே நிற்கிறாள்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறார்கள் போலிருக்கிறது.

மகளை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டேன். கடிதத்தை முழுக்க வாசிக்க வைத்தாள். பிறகு சொன்னாள்: "எழுதுங்க உம்மா. ஆனா என்னப் பாவம் பாவம் எண்டு எழுதப்படா. நீங்க செஞ்சதையும் எழுதணும்."

சரி, எழுதுகிறேன்.

செருப்பும் காலும்

நிஹாரா பிறந்தது எழுபதுகளின் கடைசியில், மாரி மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில். இடது கண் நல்ல வட்டமான கறுத்தக் கண். வலது பக்கத்தில் இமை இருந்தது, ஆனால் நகத்தால் கீறிய கோடு மாதிரிச் சின்னதாக இருந்தது. உள்ளே கண் இருக்க வேண்டிய இடத்தில் கடுகளவில் என்னவோ ஒன்று. அது பார்க்காது, பார்க்கவும் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றால் நாற்பது நாள் தாயும் பிள்ளையும் வெளியே போவதில்லை. எனக்கு அது நல்ல சாட்டாகிவிட்டது. பார்க்க வந்தவர்களுக்கு வலது பக்கத்தைத் துணியால் போர்த்தித்தான் காட்டினேன். அப்படியும் சொந்தத்தில் ஒருத்தி துணியை விலக்கிப் பார்த்துவிட்டாள். எங்களில் கலியாணத்துக்குப் பெண் வீட்டார்தான் வீடு கட்டிக்கொடுக்க வேண்டும். மகள் பிறந்த அன்றைக்கே வாப்பாமார் கல்லும் மண்ணும் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். துணியை விலக்கியவள் சொன்னாள், வீட்டைக் கட்டிக் குடுக்கலாம், கண்ணுக்கு எங்கே போவீங்க என்று. நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அவள் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவள்தான், நெடுங்காலம் வாசல் மிதிக்கவில்லை.

மூன்று மாதப் பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோனபோதுதான் இந்த டொக்டரை முதலில் கண்டோம். அவர் ஒரு கடதாசியில் மண்டையோட்டைக் கீறிக் காட்டினார். கண் என்பது பார்க்க மட்டுமில்லை, அது வளர வளரச் சுற்றியுள்ள எலும்பையும் தள்ளி வளர்க்கிறது. கண் இல்லாவிட்டால் குழி வளராது. குழி வளராவிட்டால் அந்தப் பக்கத்து முகமே சின்னதாகிப் போகும், பிறகு பொய்க்கண் வைக்கவும் இடமிருக்காது. ஆகவே ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டை உள்ளே வைத்து, சில கிழமைக்கு ஒருமுறை அதைவிடக் கொஞ்சம் பெரியதாக மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

மகளுடைய வாப்பாவுக்கு விளங்கவில்லை. நான்தான் பஸ்ஸில் விளக்கினேன்: கால் வளர வளரச் செருப்பை மாற்றுகிறோம், இது செருப்பைப் பெருப்பித்துப் பெருப்பித்துக் காலை வளர்க்கிற வேலை. அவர் மகியங்கனை வரும்வரை யோசித்துவிட்டு, அப்ப செருப்பைக் கழட்டவே ஏலாதே என்றார். அந்த மனிதருக்கு அன்றைக்கே விளங்கியது எனக்கு ஏழு வருடம் கழித்தும் விளங்கவில்லை.

பாண்டிருப்பில் பல்லுக் கட்டுபவர்

சில கிழமைக்கு ஒருமுறை கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போய்வருவது நடக்கிற காரியமா? விடிய பஸ் ஏறினால் இருட்டும் நேரம்தான் இறங்கலாம். அது பஸ் ஒழுங்காக ஓடுகிற நாளில். டொக்டரே வழி சொன்னார். பொய்ப்பல் செய்கிற அதே மாவில்தான் இந்தத் துண்டும் செய்வது. உங்கள் ஊரில் பல்லுக் கட்டுகிறவர் யாரும் இல்லையா என்று கேட்டார்.

இருந்தார். நவரத்தினம் அண்ணன், பாண்டிருப்பில் தன் வீட்டு முன்னறையில் பல்லுக் கட்டுபவர். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை பாதி ஊரின் சிரிப்பு அவருடைய கைவேலை. டொக்டர் எழுதித் தந்த கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு வெளியே அந்தக் கண்ணைப் பார்த்து முகம் மாறாத முதல் ஆள் அவர்தான்.

பழைய துண்டின் மேல் கடதாசித் தடிப்புக்கு மெழுகு பூசுவார். அதற்குச் சாந்தில் அச்செடுப்பார். மாவைக் குழைத்து அச்சுக்குள் வைத்து நெருக்கி, மண்ணெண்ணெய் அடுப்பில் பானையோடு அவிப்பார். முதல் துண்டைப் பழக்கதோசத்தில் முரசு நிறத்திலேயே, அதுதான் ஈறு நிறத்திலேயே செய்துவிட்டார். பிள்ளைக்குக் கண்ணில் பல் முளைக்கப்போகிறதாக்கும் என்று வாப்பா சொல்ல, அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து தெளிந்த மாவு எடுப்பித்தார்.

மினுக்கும் வேலையில்தான் அவர் சங்கடப்பட்டார். "பல்லுச் சொரசொரத்தா நாக்குச் சொல்லிரும் டீச்சர். இந்தக் குழந்தைக்கு ஆர் சொல்ற?" என்றார். வாப்பாவுக்குக் கல்முனையில் சாரமும் சாரியும் விற்கிற கடை, ஊர் மருதமுனை. நெசவுக்காரர் வீட்டிலிருந்து பட்டு நூல் இழை ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தார். மினுக்கிய துண்டை அந்த நூல் மேல் இழுத்துப் பார்ப்பது. ஒரு மயிரிழை மாட்டினாலும் திரும்ப மினுக்குவது. அதற்கு மேல் பேச்சில்லை.

முதல் துண்டு பயறு அளவு. ஏழு வருடத்தில் அது புளியங்கொட்டையாகியது. முகத்தின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வளர்ந்தன. டொக்டர் சந்தோசப்பட்டார், இன்னும் கொஞ்சக் காலத்தில் வர்ணம் தீட்டிய கண்ணே வைக்கலாம் என்றார்.

கணக்கு டீச்சரின் கணக்கு

ஏழு வயதானால் பிள்ளையைத் தொழுகைக்குப் பழக்க வேண்டும். நிஹாரா குர்ஆன் மத்ரஸாவில் ஒளு எடுக்கப் பழகிக்கொண்டு வந்தாள். தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம், கால் என்று ஒழுங்காக மும்மூன்று தரம் கழுவுவதைத்தான் ஒளு என்பது. முகத்தில் ஊசிமுனை அளவும் தண்ணீர் படாமல் விடக்கூடாது என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்தது மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. நகத்தில் பூச்சு இருந்தால் ஒளு கூடாது. விரலில் மா காய்ந்திருந்தால் கூடாது. அப்படியென்றால் இமைக்குள் பிளாஸ்டிக்?

நான் கணக்கு டீச்சர். ஒன்றை வைத்து இன்னொன்றை நிறுவுவது என் தொழில். யாரிடமும் கேட்காமல் நானே நிறுவிவிட்டேன்.

கேட்டிருக்கலாம். கேட்டால் மகளின் இமைக்குப் பின்னால் இருப்பதைச் சொல்ல வேண்டும். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலேயே அவளும் படித்தாள், அங்கேகூடக் கண் கொஞ்சம் சின்னன் என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். அவள் வகுப்பில் நீள வாங்குப் பலகையின் வலது கோடியில், சுவரோடு ஒட்டித்தான் இருப்பாள். வலது பக்கத்தை யாரும் பார்க்காமல் நான்தான் அப்படி இருக்கச் சொல்லியிருந்தேன்.

ஆக, ஒவ்வொரு தொழுகைக்கும் கிணற்றடியில் துண்டைக் கழற்றி, கொதித்தாறிய தண்ணீர் விட்ட சவர்க்காரக் கோப்பையில் போடுவாள். குழிக்குள் தண்ணீர் படக் கழுவுவாள். திரும்பப் போடுவது லேசில்லை, எரியும். பின்னேரம் அஸருக்குக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் பொழுதுபட மஃரிபுக்குத் திரும்பவும் கழற்ற வேண்டும், அதுவரை என்னத்துக்கு என்று கோப்பையிலேயே விட்டோம். பிறகு இராத்தொழுகை இஷாவும் முடியட்டும் என்று விட்டோம். பிறகு விடிய சுபஹும் தொழுது, பள்ளிக்கூடம் போகிற நேரம் போட்டால் போதும் என்றாகியது. செய்தது அமல், நன்மையான காரியம் என்பதால் எனக்கு ஒரு திருப்தி வேறு.

வாப்பா ஒருநாள், இப்படிக் கழட்டலாமா என்று இழுத்தார். நீங்க சாரம் விக்கிறதைப் பாருங்க என்றேன்.

மகளும் கேட்டாள். அதைத்தான் அவள் என்னை எழுதச் சொன்னது.

ஒருநாள் மத்ரஸாவிலிருந்து ஓடிவந்தாள். "உம்மா, லெப்பைக்கிட்டக் கேட்டன். கண்ணுக்குள்ள கழுவத் தேவல்லயாம். இமைய மூடிக்கிட்டு முகத்தக் கழுவினாப் போதுமாம்." லெப்பை என்பது ஓதிக்கொடுப்பவர். தன் துண்டைப் பற்றி அவரிடம் அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது என் கட்டளை. பொதுவாகக் கேட்டிருக்கிறாள், கெட்டிக்காரி.

நான் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தேன். திரும்பியும் பார்க்கவில்லை.

"அது கண்ணிருக்கிற ஆக்களுக்கு," என்றேன்.

அவள் கிணற்றடிக்குப் போய்க் கழற்றினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இறக்கச் சொன்ன அளவு

நாலு மாதம் போனது. காலையில் துண்டு உள்ளே போக மறுத்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு போடுவாள், பள்ளிக்கூடம் விடுவதற்குள் அது வெளியே வந்துவிடும். துண்டு பெரிதாகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன். ஒரு அளவு குறைத்துச் செய்து தாங்க என்றேன்.

நவரத்தினம் அண்ணன் மகளின் இமையை விரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏழு வருசமா ஏத்தி ஏத்தித்தான் செஞ்சன் டீச்சர். இப்ப இறக்கச் சொல்றீங்க. என்ன நடந்த?"

வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்றேன். என் காதுக்கே அது மடத்தனமாகக் கேட்டது. அவர் துண்டைக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். இதை நான் செய்ய மாட்டேன், முதலில் கொழும்புக்குப் போய்க் காட்டுங்கள் என்றார். பல்லுக் கட்டுகிறவருக்கு இவ்வளவு பெருமையா என்று கொழும்பு பஸ்ஸில் வழி முழுக்க எரிந்துகொண்டு போனேன். போய்த்தான், முதலில் சொன்ன அந்தக் கதிரைக்கு முன்னால் நின்றேன்.

பலூன்

டொக்டர் ஒளித்து மறைக்கவில்லை. குழி சுருங்கிவிட்டது. உள்தசை ஒட்டத் தொடங்கிவிட்டது. இனித் துண்டை மாற்றி மாற்றி அதை விரிக்க முடியாது.

இனி ஒன்றும் செய்ய ஏலாதா என்று கேட்டேன்.

ஒரு வழி இருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் அது வெளிநாட்டிலேயே புதிது, அவர் அங்கே படித்துவிட்டு வந்து ஓரிரண்டு பிள்ளைகளுக்குத்தான் செய்திருந்தார். கண்குழிக்குள் ஒரு சின்னப் பலூனை வைத்துத் தைப்பது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தோலுக்கு அடியால் நெற்றியோரப் பொட்டுப் பக்கம் வரும், அங்கே ஒரு சின்னக் குமிழ். கிழமைக்கு ஒருமுறை அந்தக் குமிழில் ஊசி போட்டுக் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஏற்றுவது. பலூன் உள்ளிருந்து மெதுவாகப் பெருக்கும், தசையையும் எலும்பையும் தள்ளும். எலும்பு இன்னும் வளர்கிற வயது, காலம் கடந்துவிடவில்லை என்றார்.

சரிவந்தால் ஒரு முழுக் கண் வைக்கலாம். சீழ் பிடித்தால் பலூனை எடுக்க வேண்டும், உள்ளே தழும்பு விழும், திரும்ப முயல்வது கஷ்டம். அப்படியானால் அந்த இமை மூடினபடிதான்.

மகளுக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. "என்னவாம் உம்மா?" என்று கேட்டாள். பலூன் வைக்கப் போறாங்களாம் என்றேன். என்ன கலர் என்று கேட்டாள். டொக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார், கலர் இல்லை என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

லெப்பையின் வாசல்

பலூன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை ஊரில் காத்திருந்தோம். அந்த இடைவெளியில் நான் சாய்ந்தமருதுக்கு, லெப்பை வீட்டுக்குப் போனேன். தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன்.

அவர் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஓதிக்கொடுக்காத நேரம் அவருக்குக் கடல்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறந்த நாளிலிருந்து சவர்க்காரக் கோப்பை வரைக்கும். வைத்தியத்துக்கு வெளியே ஒரு மனிதரிடம் வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. பலூன் வைத்த பிறகு பொட்டில் கட்டு இருக்கும், அங்கே தண்ணீர் படக்கூடாது, பிள்ளை எப்படித் தொழுவது என்றும் கேட்டேன்.

"முகத்தக் கழுவத்தானே சொல்லியிருக்கு. கண்ணுக்குள்ள கழுவச் சொல்லி ஆரும் சொல்லல்லயே," என்றார். கட்டுப் போட்ட இடத்தில் ஈரக் கையால் மேலால் தடவினால் போதும் என்றார். பிறகு வலையிலிருந்து கையை எடுத்தார். "இத நான் உங்கட புள்ளைக்குச் சொன்னனே டீச்சர். வந்து சொல்லல்லயா?"

சொன்னாள் என்றேன். அந்த வாசலில் நின்று அழுதேன். அவர் என்னைப் பார்க்காமல் வலையின் ஓட்டையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்கம் லேசு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். கேட்க வெட்கப்பட்டேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

இடியப்ப இழை

பலூன் வந்தது. டொக்டர் கையில் வைத்துக் காட்டினார். காற்றில்லாமல், ஊறின திராட்சை வற்றல் மாதிரி இருந்தது. குழாய் இடியப்ப இழைத் தடிப்பு. இதற்கா இத்தனை நாள் காத்திருந்தோம் என்றிருந்தது.

ஒப்பரேஷன் நடந்தது. நானும் மகளும் கொழும்பு மருதானையில் என் சாச்சி, உம்மாவின் தங்கச்சி வீட்டில் தங்கினோம். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு இருந்திருந்து வருவார். ஊரில் அப்போது சண்டைக் காலம், வழி சில நாள் திறந்திருக்கும், சில நாள் மூடியிருக்கும். வருகிறேன் என்று சொன்ன நாளில் வராவிட்டால் எனக்கு இரண்டு பேருக்காகவும் துஆக் கேட்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு கிழமையும் ஊசி. ஏற்றிய அன்றைக்கு விண்விண் என்று இழுக்கும். மகள் என் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். மறுநாள் எழும்பியதும் கண்ணாடி கேட்பாள். கிழமைக்குக் கிழமை இமை கொஞ்சம் மேடாகிக்கொண்டு வந்தது. கீறல் மாதிரி இருந்த பிளவு நீண்டது.

ஒளு எடுக்கும்போது கட்டின் மேல் ஈரக் கையால் தடவுவாள். லெப்பை சொன்ன மாதிரி என்று ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்கச் சொல்லுவாள். கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாலாம் கிழமை பொட்டு சிவந்தது. தொட்டால் சூடாக இருந்தது. டொக்டர் முகத்தில் சிரிப்பில்லை. இந்தக் கிழமை தண்ணீர் ஏற்ற வேண்டாம், மருந்து தருகிறேன், ஒரு கிழமை பார்ப்போம், குறையாவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்.

அந்தக் கிழமையை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மணிக்கொரு தரம் மகளின் பொட்டைப் பார்ப்பதுதான் வேலை. நாலு மாதம் நான் கழற்றிக் கழற்றி வைத்ததற்குத்தான் இந்தப் பிள்ளை இப்படிக் கிடக்கிறாள் என்பதைச் சோறு தின்னும்போதும் மறக்க முடியவில்லை. அல்லாஹ்வே, பிழை என்னுடையது, அதற்கு இவளைத் தண்டிக்காதே என்று ஸஜ்தாவில், நெற்றியை நிலத்தில் வைத்துக் கிடந்து கேட்டேன்.

ஐந்தாம் நாள் சிவப்பு மங்கியது. ஏழாம் நாள் டொக்டர் விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, ஊசியைக் கொண்டுவாருங்கள் என்று மிஸ்ஸியிடம் சொன்னார். ஊசியைக் கண்டு இப்படிச் சந்தோசப்பட்ட தாய் அந்த ஆஸ்பத்திரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சிவப்பு நூல்

போதுமான அளவு விரிந்ததும் பலூனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு உருண்டையை வைத்துத் தைத்தார்கள். புண் ஆறியது. பிறகுதான் கண்.

கண் செய்பவர் ஒரு சிங்கள மனிதர், வாய் திறந்து கதைப்பது குறைவு. மகளை ஜன்னலுக்கு முன்னால் இருத்தி, அவளுடைய இடது கண்ணைப் பார்த்துப் பார்த்து வர்ணம் குழைத்தார். கறுப்பு என்று நாங்கள் நினைத்திருந்த கண்ணில் அவர் மண்ணிறம் கண்டார், அதற்குள் கொஞ்சம் மஞ்சள் கண்டார். வெள்ளை விழியில் ஓடும் நரம்புக்கு மயிரிலும் மெல்லிய சிவப்பு நூல் வேண்டும், ஒட்டி வைத்து மேலால் பூசுவார்கள். அவரிடம் இருந்தது தடிப்பாக இருந்தது. முணுமுணுத்துக்கொண்டு மேசை லாச்சியைக் கிண்டினார்.

அன்றைக்கு வாப்பாவும் வந்திருந்தார். எழும்பித் தன் பையைத் திறந்தார். கொழும்புக் கடைக்குக் காட்டக் கொண்டுவந்த மருதமுனைச் சாரி ஒன்று இருந்தது. அதன் தலைப்பிலிருந்து ஒரு சிவப்புப் பட்டு இழையை உருவி, நகத்தால் பிரித்து, அதிலும் ஒரு நாரை எடுத்து நீட்டினார். கண் செய்பவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். என் மகளின் கண்ணில் ஓடுவது அந்த இழைதான். வாப்பாவின் கொடுப்பினை அது, எனக்குக் கிடைக்கவில்லை.

கண் வைத்ததும் மகளிடம் கண்ணாடியைக் கொடுத்தோம். அவள் அதை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டும் என்னையே பார்க்குது," என்றாள்.

திரும்பவும் கிணற்றடி

ஊருக்கு வந்ததும் முதலில் பாண்டிருப்புக்குத்தான் போனோம். நவரத்தினம் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மினுக்கு என்றார், தொழில்காரர் தொழில்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. நான் அவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அதற்கும் அவர் முகம் மாறவில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம். இனிச் சுவரோரம் இருக்க மாட்டாள் என்று எண்ணிக்கொண்டு, பாடத்தை விட்டுவிட்டு அவளுடைய வகுப்பு ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். பழைய இடத்திலேயே இருந்தாள். பிறகு கேட்டதற்கு, அங்கதான் காத்து வாற என்றாள். சரிதான்.

அன்று அஸர் பாங்கு சொன்னது. கிணற்றில் தண்ணீர் அள்ளி வாளியில் வைத்தேன். நிஹாரா குந்தியிருந்து கையைக் கழுவினாள். வாய் கொப்பளித்தாள், மூக்குக்குத் தண்ணீர் விட்டாள், முகத்தை ஒருதரம் கழுவினாள். கழுவிய கை கீழே வராமல் வலது இமையோரத்தில் போய் நின்றது.

நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். கழட்டாத மகள், கழட்டத் தேவல்ல என்றேன்.

அவள் தண்ணீர் வடிகிற முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும் உம்மா. கண்ணிருக்கிற ஆக்களுக்குத் தேவல்லதானே. இருக்குதா எண்டுதான் தொட்டுப் பார்த்தன்."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்கு அது நான் சொல்லிக்கொடுத்த சட்டம், அவ்வளவுதான். பானையை இறக்கிக்கொண்டே நான் வீசிய அந்த ஒரு வரியை, பலூனோடும் ஊசியோடும் இத்தனை மாதம் அவள் உள்ளே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். மாப்புத் தா மகள் என்றேன். எதுக்கு என்று கேட்டாள். சொன்னேன், கையை விடாமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணும் இந்தக் கண்ணும் என் முகத்திலேயே இருந்தன.

"சரி உம்மா," என்றாள். "கைய விடுங்க. முகம் இன்னும் ரெண்டு தரம் கழுவ இருக்கு."

விட்டேன்.